ஈ.ஆர். பாசிட்டிவ் என்றால் முற்றிவிட்டது என்று பொருளா?

"அம்மாவுக்கு ஈ.ஆர்., பி.ஆர். ரெண்டுமே பாசிட்டிவ்னு போட்டிருக்கு டாக்டர், முத்திப்போச்சா?" என்று, நெல்லிக்குப்பத்திலிருந்து மார்பகத் திசுப் பரிசோதனை அறிக்கையோடு வந்திருந்த ஒருவர் கேட்டார். டெங்குவுக்கும் கொரோனாவுக்கும் அந்தச் சொல்லைக் கேட்டுப் பழகியவர்கள் அஞ்சுவது இயல்பே. ஆனால் ஈ.ஆர். (ஈஸ்ட்ரோஜன் ஏற்பி), பி.ஆர். (புரோஜெஸ்டிரோன் ஏற்பி) வரிகளில் அதற்குப் பொருள் வேறு. ஈஸ்ட்ரோஜனையும் புரோஜெஸ்டிரோனையும் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் புற்றணுக்களின் உட்கருவில் இருக்கின்றன, ஆகவே ஹார்மோனின் வழியை அடைக்கும் டாமாக்சிஃபென், லெட்ரோசோல் போன்ற மாத்திரைகளுக்கு அந்தப் புற்று கட்டுப்பட வாய்ப்புண்டு என்பதே அச்செய்தி. ரத்தத்தில் ஹார்மோன் கூடியிருக்கிறது என்பதும் அதன் பொருளன்று.

நூறு புற்றணுக்களில் ஒன்றின் உட்கரு, ஏற்பியைக் காட்டும் சாயத்தை ஏற்றிருந்தாலே பாசிட்டிவ் என்று எழுதுகிறோம். ஈ.ஆர். 1 முதல் 10 விழுக்காடு வரை இருந்தால், 2020ஆம் ஆண்டின் அமெரிக்க நெறிமுறைப்படி 'குறைந்த பாசிட்டிவ்' என்று தனியே குறிப்போம். சில ஆய்வகங்கள் எட்டுக்கு இத்தனை என்று மதிப்பெண் இடுவதுண்டு. அதை நோயின் கட்டம் என்று எண்ணிக் கலங்கியவர்களையும் கண்டிருக்கிறேன்.

என்னை அதிகம் உறுத்துவது நெகட்டிவ் முடிவுதான். வெட்டியெடுத்த திசு ஒரு மணி நேரத்துக்குள், அதைக் கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்தில் இறங்கி, 6 முதல் 72 மணி நேரம் வரை அதில் ஊற வேண்டும். அறுவை முடிந்த மாலையில் சலைன் புட்டியில் போட்டு, மறுநாள் காலைப் பேருந்தில் கொடுத்தனுப்பப்பட்ட கட்டிகள் எங்கள் மேசைக்கு வந்திருக்கின்றன. புதுச்சேரி வெயிலில் அப்படி வாடிய திசுவில், இருந்த ஏற்பியும் சாயம் ஏற்காமல் போகலாம், அந்தப் பொய்யான நெகட்டிவால் ஐந்தாண்டு மாத்திரைச் சிகிச்சை ஒரு பெண்ணுக்குக் கிடைக்காமலே போய்விடக்கூடும். புற்றின் அருகிலுள்ள இயல்பான பால் நாளங்களின் அணுக்களில் சில சாயம் ஏற்றிருக்கின்றனவா என்று நாங்கள் முதலில் பார்ப்பது இதனால்தான். அவையும் வெளுத்திருந்தால் அந்த நெகட்டிவை நான் நம்பமாட்டேன், அறுவைக்கு முன் ஊசியால் எடுத்த பயாப்ஸித் துணுக்கிலோ திசு பதிந்த வேறொரு மெழுகு பிளாக்கிலோ மறுபடி சோதிக்கச் சொல்வேன்.

ஜிப்மருக்கோ அடையாற்றுக்கோ மேல்சிகிச்சைக்குச் செல்பவர்கள் அறிக்கையை மட்டும் எடுத்துச் செல்கிறார்கள். திசு பதிந்த மெழுகு பிளாக்கையும் கண்ணாடித் தகடுகளையும் ஆய்வகத்தில் எழுதிக் கொடுத்துக் கேட்டு வாங்கிச் செல்லுங்கள். அங்கே மறுபடி சாயமிட வேண்டி வந்தால் அந்த பிளாக்கிலிருந்துதான் வெட்டியெடுப்பார்கள்.