சொட்டுநீர் மானியம்: காய்கறி, பழம், பூ பயிரிடுவோர் கையெழுத்துக்கு முன் கவனிக்க வேண்டியவை

தமிழ்நாட்டில் சொட்டுநீர்ப் பாசனம் அமைக்கச் சிறு, குறு விவசாயிகளுக்கு 5 ஏக்கர் வரை 100 விழுக்காடும், மற்ற விவசாயிகளுக்கு 12.5 ஏக்கர் வரை 75 விழுக்காடும் மானியம் வழங்கப்படுகிறது. 'ஒரு துளி நீரில் அதிகப் பயிர்' என்னும் இந்தத் திட்டத்தின் செலவை மத்திய அரசும் மாநில அரசும் பகிர்ந்துகொள்கின்றன. தொண்டாமுத்தூர்ப் பக்கம் சின்ன வெங்காயம் வைப்பவரும், கிணத்துக்கடவில் தக்காளி நடுபவரும், சத்தியமங்கலத்தில் மல்லிகை வளர்ப்பவரும் மட்டுமல்லாமல், அரை ஏக்கர் தோட்டத்தில் கத்தரி, வெண்டை, நாலு வரிசை வாழை என்று கலந்து பயிரிடுபவரும் இதற்கு விண்ணப்பிக்கலாம். பெரிய பண்ணையம் உள்ளவர்களுக்கான திட்டம் என்று எண்ணிச் சிறு தோட்டக்காரர்கள் ஒதுங்கிக்கொள்வது வருத்தத்திற்குரியது. முழு மானியம் அவர்களுக்காகவே வைக்கப்பட்டிருக்கிறது.

ஒரு நிலத்திற்கு இந்த மானியத்தைப் பெற்றுவிட்டால், அதே நிலத்திற்கு மறுமுறை பெற 7 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும் என்பதை எல்லாவற்றுக்கும் முதலில் மனத்தில் இருத்த வேண்டும். கைப்பணம் போடவில்லையே என்று வருவதை வாங்கிக்கொண்டால், தவறாக அமைந்த குழாய்களோடு 7 ஆண்டுகள் பண்ணையம் பார்க்க வேண்டியிருக்கும். எனவே எந்தப் பயிருக்கு, எந்த இடைவெளியில் என்பதை வீட்டிலேயே உட்கார்ந்து முடிவு செய்துகொண்டு அலுவலகம் செல்வது நல்லது.

மானியத் தொகை பயிரின் இடைவெளியை வைத்தே கணக்கிடப்படுகிறது. தென்னைக்கு 25 அடிக்கு ஒரு வரிசை போதும். காய்கறிக்குச் சுமார் 4 அடிக்கு ஒரு பக்கக்குழாய், அதாவது செடி வரிசையை ஒட்டிச் செல்லும் சிறு குழாய், ஓட வேண்டும். அதனால் ஒரே பரப்புக்குக் காய்கறிக்கான செலவும் மானியமும் கூடுதலாக இருக்கும். தென்னைக்கென்று எழுதிக் கொடுத்துவிட்டு, அடுத்த ஆண்டு ஊடே தக்காளி நட விரும்பினால், கூடுதல் குழாய்க்கான செலவு உங்களுடையது. பருவத்துக்குப் பருவம் பயிரை மாற்றுகிறவர்கள், தாங்கள் வைப்பதிலேயே நெருக்கமான இடைவெளி வேண்டும் பயிரைச் சொல்லி வடிவமைப்பைக் கேட்பதே சரி என்பது என் கருத்து. 100 விழுக்காடு என்பதும் அரசு நிர்ணயித்த அலகுத் தொகைக்குள் அடங்கும் செலவுக்கு மட்டுமே பொருந்தும்; அதற்கு மேல் நீங்கள் விரும்பிக் கேட்கும் பொருள்களுக்குப் பணம் கட்ட வேண்டும். எவை மானியத்தில் அடங்கும், எவை அடங்காது என்பதை நிறுவனத்திடம் விலைப்பட்டியலாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

காய்கறி, பழம், பூ, நறுமணப் பயிர்களுக்கு வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தையும், கரும்பு, பருத்தி, நிலக்கடலை போன்றவற்றுக்கு வேளாண்மைத் துறை அலுவலகத்தையும் அணுக வேண்டும். தமிழ்நாடு அரசின் 'உழவன்' கைப்பேசிச் செயலி வழியாகவும் பதிவு செய்யலாம். சிட்டா, அடங்கல், நில வரைபடம், ஆதார், குடும்ப அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகம், புகைப்படம் ஆகியவற்றோடு, முழு மானியம் கோருவோர் வட்டாட்சியர் வழங்கும் சிறு, குறு விவசாயி சான்றையும் இணைக்க வேண்டும். இந்தச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம்.

கொங்குப் பகுதியில் விண்ணப்பம் தேங்குவதற்கு நிலப் பதிவும் கிணற்றுப் பங்குமே பெரும்பாலும் காரணமாகின்றன. பட்டா இன்னும் பாட்டனார் பெயரிலேயே இருப்பதும், பங்காளிகள் வாய்மொழியாகப் பிரித்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் பண்ணையம் பார்ப்பதும், கூட்டுக் கிணற்றில் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவதும் இங்கே சாதாரணம். ஊருக்குள் இதனால் எந்தத் தகராறும் இல்லாமல் இருக்கலாம். கோப்பிலோ நிலம் யாருடையது, நீர் எங்கிருந்து வருகிறது என்ற இரண்டுக்கும் சான்று வேண்டும். ஆகவே பட்டா மாறுதல் வேலையை முன்னதாகவே முடித்துவிடுங்கள். பங்குக் கிணறாயின் கிராம நிர்வாக அலுவலரைப் பார்த்து, உங்கள் நீர்ப் பங்குக்கு எந்த வடிவில் சான்று தேவைப்படும் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

விண்ணப்பம் ஏற்கப்பட்ட பின், அங்கீகரிக்கப்பட்ட நிறுவனங்களில் ஒன்றை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். அக்கம்பக்கத்துத் தோட்டங்களில் பழுது என்று அழைத்தால் எந்த நிறுவனத்தின் ஆள் வந்து பார்க்கிறார் என்று விசாரித்துத் தேர்ந்தெடுப்பதே நம்பகமான வழி. நிறுவனம் நிலத்தை அளந்து வரைபடமும் மதிப்பீடும் தரும். துறை பணி ஆணை வழங்கும். குழாய்கள் பதிக்கப்பட்ட பின் அலுவலர்கள் வந்து ஆய்வு செய்வார்கள். மானியம் உங்கள் கணக்குக்கு வராமல் நேரே நிறுவனத்துக்குச் செல்வதால், வேலை திருப்தி என்று நீங்கள் இடும் கையெழுத்துக்கு மிகுந்த மதிப்பு உண்டு. தண்ணீர் ஓட்டிப் பார்க்காமல் அதை இடாதீர்கள்.

ஓட்டிப் பார்ப்பதற்கு எளிய முறை ஒன்று உண்டு. மோட்டாரைப் போட்டுச் சிறிது நேரம் ஓடவிட்ட பின், முதல் வரிசையின் முதல் சொட்டுவானுக்கு (குழாயிலிருந்து நீரைச் சொட்டுச் சொட்டாக விடும் பகுதி) அடியிலும், கடைசி வரிசையின் கடைசிச் சொட்டுவானுக்கு அடியிலும் மண்ணைச் சற்றுப் பறித்து ஒரே அளவுள்ள இரண்டு டம்ளர்களை வையுங்கள். மணிக்கு 4 லிட்டர் விடும் சொட்டுவானாயின், 3 நிமிடத்தில் 200 மில்லி சேர வேண்டும். கடைசி டம்ளரில் நீர் வெகுவாகக் குறைந்தால் குழாயின் அளவிலோ, அழுத்தத்திலோ, வடிகட்டியிலோ குறை இருக்கிறது. அதைச் சரிசெய்து தரச் சொல்லி அங்கேயே கேட்க வேண்டும். குழாய்களில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்பதையும் அப்போதே பாருங்கள். நம் பக்கத்து ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றில் நீர் உப்பாக இருப்பதால், சொட்டுவானின் வாயில் வெள்ளைப் பொருக்குப் படிந்து அடைத்துக்கொள்ளும். மணல் வரும் நீருக்கும் பாசி வரும் கிணற்று நீருக்கும் வெவ்வேறு வகை வடிகட்டிகள் தேவை என்பதால், நீரின் தன்மையை மதிப்பீடு தயாரிக்கும்போதே சொல்லிவிடுவது அவசியம்.

நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பயிரிடுவோருக்கும் இடமுண்டு; விண்ணப்பிக்கும் நாளிலிருந்து குறைந்தது 7 ஆண்டுகளுக்காவது குத்தகை ஒப்பந்தம் இருக்க வேண்டும் என்கின்றன மத்திய அரசின் வழிகாட்டு நெறிமுறைகள்.

சொட்டுநீர் அமைப்போருக்குத் துணைநிலை நீர் மேலாண்மைப் பணிகளுக்கென்று தனி மானியமும் அறிவிக்கப்பட்டது. அதன்படி மின்மோட்டார் அல்லது எண்ணெய் எஞ்சினுக்கு 15,000 ரூபாய், நீர் கொண்டுசெல்லும் குழாய்களுக்கு எக்டேருக்கு 10,000 ரூபாய், தரைநிலை நீர்த்தேக்கத் தொட்டிக்கு 40,000 ரூபாய், ஆழ்துளைக் கிணற்றுக்கு 25,000 ரூபாய் என உச்சவரம்புகள் வைக்கப்பட்டன. நிலத்தடி நீர் அளவுக்கு மீறி எடுக்கப்படாத, 'பாதுகாப்பானவை' என்று வகைப்படுத்தப்பட்ட குறுவட்டங்களில் (சில வருவாய்க் கிராமங்கள் சேர்ந்த பகுதி) மட்டுமே கிணற்றுக்கான தொகை கிடைக்கும் என்பதால், கொங்கு மாவட்டங்களின் பல பகுதிகளுக்கு அது பொருந்தாது. முறைத் தண்ணீரை நம்பியிருப்பவர்களுக்குத் தொட்டிக்கான மானியமே மிகவும் பயன்படும். தங்கள் முறை வரும்போது நீரைத் தேக்கிவைத்துக்கொண்டு, கத்தரிக்கும் மல்லிகைக்கும் வேண்டும்போது நாள்தோறும் சிறிது சிறிதாக விடலாம். சொட்டுநீருக்கு மனுக் கொடுக்கும்போதே, நடப்பு ஆண்டில் இதற்கு ஒதுக்கீடு உள்ளதா என்று தோட்டக்கலை அலுவலரிடம் கேளுங்கள்.