முதல் நாள் கவுன்சலிங்: அம்மா கொஞ்சம் வெளியே உட்காரட்டும்

உசிலம்பட்டிப் பக்கமிருந்து ஓர் அம்மா தன் மகனைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். பையனுக்கு 22 வயது. "சாப்பிட்டு வந்தீங்களா?" என்று அவனைக் கேட்டேன். "ரெண்டு இட்லிதான் மேடம் சாப்ட்டான்" என்றார் அம்மா. தூக்கம், வேலை, காலேஜில் நின்றுபோன அரியர் என்று எதைக் கேட்டாலும் பதில் அம்மாவிடமிருந்தே வந்தது. பையன் மடியில் இருந்த ஹெல்மெட்டின் வாரை மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தான்.

கால் மணி நேரம் கழித்து, "நீங்க கொஞ்சம் வெளிய உக்காருங்கம்மா" என்றேன். மஞ்சப்பையை எடுத்துக்கொண்டு, இரண்டு முறை திரும்பிப் பார்த்தபடி போனார். கதவு சாத்திய பிறகும் பையன் வாய் திறக்கவில்லை. நானும் எதுவும் கேட்கவில்லை. ரொம்ப நேரம் ஃபேன் சத்தம் மட்டும்தான். பிறகு தலை நிமிராமலே கேட்டான்: "இங்க பேசுறத அம்மாட்ட சொல்லிருவீங்களா?"

மதுரையில் தனியாக அறை எடுத்து இந்த வேலையைச் செய்கிற என்னிடம் முதல் நாள் வருகிறவர்கள் மனதில் எல்லாம் இந்தக் கேள்வி இருக்கிறது. பலர் கேட்காமலே போய்விடுகிறார்கள். நீங்கள் கேட்டுவிடுங்கள்.

18 வயது நிரம்பியவர் சொன்னதை அவர் சம்மதம் இல்லாமல் வீட்டாரிடம் சொல்லக் கூடாது. சிகிச்சை விவரங்கள் ரகசியமாகக் காக்கப்படுவதை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் உரிமையாகவே சொல்கிறது. விதிவிலக்குகள் உண்டு. உங்கள் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து என்று தெரிந்தால் நாங்கள் சும்மா இருக்க முடியாது. ஒரு குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடப்பது தெரியவந்தால் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி தகவல் கொடுத்தே ஆக வேண்டும். நீதிமன்றம் கேட்டாலும் அப்படித்தான். இவற்றை முதல் நாளே உங்களிடம் சொல்லிவிடுவது கவுன்சலரின் கடமை. அந்தப் பையனிடமும் சொன்னேன். வாரை விட்டுவிட்டு ஹெல்மெட்டைத் தரையில் வைத்தான்.

நம் பக்கத்தில் பிரச்சினை என்றால் நாலு பெரிய மனுசங்களை உட்காரவைத்துப் பேசித் தீர்ப்பது வழக்கம். அதே நினைப்போடுதான் இங்கேயும் வருகிறார்கள். "நல்ல புத்தி சொல்லி இவனைத் திருத்துங்க" என்பார் அப்பா. "தப்பு யார் மேலன்னு நீங்களே சொல்லுங்க" என்பார்கள் கணவனும் மனைவியும். முதல் நாள் முடிந்து போகும்போது, "அந்தம்மா ஒண்ணுமே சொல்லலையே, கேட்டுக்கிட்டேதான இருந்துச்சு" என்று வருத்தப்படுகிறவர்கள் நிறைய. உண்மைதான், முதல் நாள் நான் கேட்பேன். எப்போது ஆரம்பித்தது, தூக்கம் எப்படி, பசி எப்படி, வேறு என்ன நோய், என்ன மாத்திரை, குடி உண்டா, வீட்டில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா என்று கேட்பேன். "சாகணும்னு தோணியிருக்கா?" என்றும் நேராகவே கேட்பேன். இல்லாத எண்ணத்தை இந்தக் கேள்வி விதைத்துவிடும் என்று வீட்டார் பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை. 'அப்பாடா, ஒருத்தராவது கேட்டாங்களே' என்ற நிம்மதியைத்தான் எதிரில் இருக்கிற முகத்தில் பார்த்திருக்கிறேன்.

சிலரை முதலில் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்புவேன். தைராய்டு குறைந்தாலும் சோர்வும் மனச்சோர்வும் வரும், பேசிப் பேசி அதைச் சரிசெய்ய முடியாது. மாத்திரை தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் அனுப்புவேன். மாத்திரை எழுதும் அதிகாரம் கவுன்சலருக்கு இல்லை. எழுதிக் கொடுத்தால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

படிப்பைக் கேட்கத் தயங்க வேண்டாம். மனநல மருத்துவர் எம்பிபிஎஸ் முடித்து அதற்கு மேல் மனநலம் படித்தவர். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போட்டுக்கொண்டால் ஆர்சிஐ என்ற இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு எண் இருக்க வேண்டும். கவுன்சலர் உளவியலிலோ சமூகப் பணியிலோ முதுகலை முடித்து, அனுபவமுள்ள ஒருவரின் மேற்பார்வையில் பயிற்சி எடுத்திருக்கிறாரா என்று கேளுங்கள். வாரக் கடைசி வகுப்புச் சான்றிதழைச் சுவரில் மாட்டிவிட்டுப் போர்டு வைப்பது நம் ஊரிலும் நடக்கிறது. அது எனக்கு ஆத்திரம் தருகிற விஷயம். கஷ்டத்தோடு வருகிறவர்களுக்கு எது எது என்று பிரித்துப் பார்க்கத் தெம்பு இருக்காது.

ஃபீஸை போனிலேயே கேட்டுவிடுங்கள். நான் ஒரு சந்திப்புக்கு 50 நிமிடம் ஒதுக்குகிறேன். பத்து சந்திப்புக்கு மொத்தமாக முன்பணம் கேட்கும் இடத்தில் யோசியுங்கள்.

பாண்டி கோயிலுக்குப் போய்விட்டு, கையில் கயிறோடு வருகிறவர்கள் உண்டு. அந்தக் கயிற்றை அவிழ்க்கச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. கோயிலுக்குப் போங்கள், மாத்திரையை மட்டும் நிறுத்தாதீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இரண்டாவது, மூன்றாவது சந்திப்புக்குப் பிறகு மனம் முன்பைவிடக் கனமாகத் தெரியலாம். இத்தனை வருடம் மூடி வைத்ததைத் திறந்திருக்கிறீர்கள், அன்றைக்கு அசதியாகத்தான் இருக்கும். முடிந்தால் கவுன்சலிங் முடிந்த கையோடு கல்யாண வீட்டுக்கோ வேலைக்கோ ஓடாதீர்கள். பலர் நின்றுபோவது இந்தக் கட்டத்தில்தான். நின்றுபோகிறவர்கள் போனையும் எடுப்பதில்லை. ஏதோ என்னிடம் குற்றம் செய்தவர்களைப் போல ஒதுங்கிக்கொள்கிறார்கள். நாலு முறை வந்தும் ஒட்டவில்லை என்றால் அதை முகத்துக்கு நேராகவே சொல்லலாம். "உங்ககிட்ட பேச வரல, வேற யாராச்சும் சொல்லுங்க" என்று ஒரு பெண் என்னிடம் கேட்டார். வேறொருவரிடம் அனுப்பிவைத்தேன்.

ஃபீஸ் கட்ட முடியாதவர்கள் பெரியாஸ்பத்திரிக்குப் போகலாம். அரசு ராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்க முடியாத ராத்திரி என்றால் 14416. டெலி மானஸ் என்று 2022 அக்டோபரில் தொடங்கிய அரசு எண் இது. காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம், நடுராத்திரியிலும் எடுப்பார்கள்.

அந்தப் பையன் அடுத்த வாரமும் அம்மாவோடுதான் வந்தான். நான் சொல்வதற்கு முன்பே அவர் வெளியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.