செக்ரோலுக்குள் ஒரு ராஜா

என் அப்பாயிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனாலும் மாதம் முழுக்கக் கணக்கு எழுதிவந்தார். மலையிலிருந்து இறங்கி, கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீட்டுக்கு, வந்ததும் வெற்றிலை மடிப்பார். விரல் நுனியில் மிஞ்சிய சுண்ணாம்பை அடுப்புக்கு மேலே கரி ஏறிய சுவரில் ஒரு கோடாக இழுத்துவிடுவார். முழுப் பேருக்கு நீளக் கோடு. அரைப் பேருக்குச் சின்னப் பொட்டு. ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு விரல் இடைவெளி. சம்பளம் வாங்கிய மறுநாள் ஈரத்துணி பட்டுச் சுவர் மறுபடியும் கறுப்பாகும்.

இலங்கையின் தேயிலைத் தோட்டப் பகுதியான மலையகத்துக்கு வெளியே இருந்து வாசிப்பவர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். தோட்டத்தில் ‘பேர்’ என்றால் ஒரு நாள் சம்பளம். காலையில் ஆட்கள் கூடும் பெரட்டுக்களத்தில் கணக்கெடுத்து, வேலை முடிந்த பிறகு செக்ரோல் என்ற பதிவேட்டில் பெயருக்கு நேரே குறி விழுந்தால்தான் கூலி. பெயரும் கூலியும் அவ்வளவு நெருங்கி நின்றதால் ஒன்றின் சொல் மற்றதன்மேல் ஏறிக்கொண்டது. நம் இலக்கணம் இதை ஆகுபெயர் என்கிறது. கடையில் ‘ஒரு றாத்தல் கொடுங்கள்’ என்று கேட்டால் கடைக்காரர் பாணை (ரொட்டியை) எடுத்து நீட்டுகிறாரே, அதுவும் இந்த வகைதான். எடையின் பெயர் பொருளுக்கு ஆகிவந்துவிட்டது.

அப்பாயியின் பேர் விழுந்த அந்தச் செக்ரோலில் ‘செக்’ என்று ஓர் ஆங்கில வினைச்சொல் இருக்கிறது. ஹட்டன் பஸ் நிலையத்தில் ஒரு மணி நேரம் நின்றால் அது நாலு விதமாகக் காதில் விழும். வீதியில் செக்கிங். வங்கியில் மாற்ற வேண்டிய செக். கட்டம் போட்ட செக் சட்டை. ‘டிக்கெட்டைச் செக் பண்ணுங்கள்’ என்ற குரல். ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாதவை போலத் தோன்றும் இந்த நாலும் ஒரே சொல்லின் பிள்ளைகள். அந்த மூலச் சொல்லின் பொருள் ‘அரசன்’.

பாரசீகப் பேரரசர் முதலாம் டாரியஸ் ஏறத்தாழ கி.மு. 520இல் பெஹிஸ்துன் மலைப்பாறையில் தன் வெற்றிகளை வெட்டிவைத்தார். அதில் தன்னை ‘க்ஷாயதிய க்ஷாயதியானாம்’, அதாவது அரசர்களின் அரசன், என்று அறிமுகம் செய்கிறார். வடமொழி வழியாக நாம் வாங்கிய ‘சத்திரியர்’ என்ற சொல்லும் இந்த வேரிலிருந்து முளைத்ததே. நாளுக்கு நூறு முறை புழங்கும் சொல் நாணயம்போலத் தேயும். க்ஷாயதிய தேய்ந்து தேய்ந்து ‘ஷாஹ்’ ஆனது.

இந்தியாவில் பிறந்த சதுரங்கம் பாரசீகத்துக்குப் போனது. 7ஆம் நூற்றாண்டில் அரேபியர் பாரசீகத்தை வென்ற பிறகு ஆட்டமும் அதன் சொற்களும் அவர்கள் கைக்கு வந்தன. எதிராளியின் அரசக் காயைத் தாக்கும்போது ‘ஷாஹ்!’ என்று குரல் கொடுப்பார்கள். உன் அரசனைப் பார்த்துக்கொள் என்று பொருள். அங்கிருந்து ஆட்டம் ஐரோப்பாவுக்குப் போனபோது சொல்லின் கடைசியில் நின்ற ஹகரக் காற்று லத்தீன் வாயில் ககரமாக இறுகி ‘ஸ்காக்குஸ்’ ஆனது. பழைய பிரெஞ்சுக்காரருக்கோ ஒரு சொல்லை ஸகர ஒற்றில் தொடங்குவது நாக்குக்கு இடைஞ்சல். முன்னால் ஓர் எகரத்தை வைத்து ‘எஸ்செக்’ ஆக்கினார்கள்.

இந்த இடத்தில் நான் ஒரு நாள் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சிரித்தேன். எங்கள் தோட்டத்தில் தேயிலை ஆலைக்குப் பெயர் ஸ்டோர். அதை ‘ஸ்டோர்’ என்று சொல்லும் ஒரு பெரியவரையும் நான் கண்டதில்லை. எல்லோருக்கும் அது ‘இஸ்டோர்’தான். படித்தவர்கள் அதைக் கேலி செய்வதையும் பார்த்திருக்கிறேன். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பிரெஞ்சு நாக்கு செய்ததைத்தான் லயத்து நாக்கும் செய்கிறது. மெய்க்கூட்டத்துக்கு முன்னால் ஓர் உயிரை வைத்து உச்சரிப்பை எளிதாக்குவது பேச்சுறுப்புகளின் இயல்பு. அதில் பிழை ஒன்றும் இல்லை.

ஆங்கிலேயர் அந்த எகரத்தை உதறிவிட்டு ‘செக்’ என்று எடுத்துக்கொண்டனர். அதன் பழைய பன்மை வடிவம்தான் ‘செஸ்’.

ஓசையின் பயணம் இவ்வளவுதான். பொருள் நடந்த வழி இன்னும் சுவையானது. ஆட்டத்தில் ‘செக்’ என்ற குரல் கேட்டதும் எதிரே இருப்பவரின் கை கட்டப்பட்டுவிடுகிறது. நினைத்த காயை நகர்த்த முடியாது. முதலில் அரசனைக் காப்பாற்ற வேண்டும். இந்த உணர்வை ஆங்கிலம் பலகையிலிருந்து எடுத்து வாழ்க்கையில் வைத்தது. பாய்ந்து வரும் எதையும் சட்டென்று நிறுத்துவது ‘செக்’ ஆனது. குதிரையை, படையை, கோபத்தை. இது ஆகுபெயர் இல்லை, உருவகம். ஒன்று அருகில் இருப்பதால் பெயர் மாறுவது ஆகுபெயர். ஒன்றைப்போல இன்னொன்று இருப்பதால் மாறுவது உருவகம். உலகத்து மொழிகளில் சொற்பொருள் நகர்வதற்கு மிகுதியாகப் பயன்படும் இரண்டு கால்கள் இவை.

நிறுத்துவதிலிருந்து கட்டுப்படுத்துவதற்கு ஓர் அடி. அங்கிருந்து சரிபார்ப்பதற்கு எப்படி வந்தது? பணம் புழங்கும் இடத்தில் திருட்டைக் கட்டுப்படுத்த ஒரே கணக்கை இரண்டு இடத்தில் வைப்பார்கள். ஒன்றை மற்றதோடு ஒப்பிட்டால் பொய் தெரிந்துவிடும். அப்படித் தடுப்பாக நின்ற ஒப்பீட்டுக்கும் ‘செக்’ என்றே பெயர் வந்தது. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் ‘சரிபார்’ என்ற பொருள் ஆங்கிலத்தில் எழுத்தில் தென்படுகிறது. 18ஆம் நூற்றாண்டில், பணம் கொடுக்கும் சீட்டோடு ஒப்பிடுவதற்காக வைத்துக்கொள்ளும் அடித்துண்டை அப்படி அழைத்தார்கள். பிறகு சீட்டையே அழைத்தார்கள். வங்கிச் செக் பிறந்தது. தமிழில் அதைக் காசோலை ஆக்கியவர் யாரோ, அவரை நான் மனதார வாழ்த்துகிறேன். காசும் ஓலையும் அவ்வளவு அழகாகக் கூடியிருக்கின்றன.

இந்தக் குடும்பத்தின் இன்னொரு கிளை சதுரங்கப் பலகையிலிருந்து கிளைத்தது. பலகைக்குப் பிரெஞ்சில் ‘எஸ்செக்கியே’. 12ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து மன்னரின் வரிக் கணக்கைப் பார்த்த அலுவலகத்துக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. இன்றும் அந்நாட்டு நிதியமைச்சரின் பதவிப் பெயரில் அது ‘எக்ஸ்செக்கர்’ என்று நிற்கிறது. முன்னால் உள்ள ‘எக்ஸ்’ லத்தீன் முன்னொட்டு என்று யாரோ தவறாக எண்ணிச் சேர்த்தது.

ஏன் பலகையின் பெயர்? அக்காலத்தில் அங்கே கருவூலராக இருந்த ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல் எழுதிவைத்திருக்கிறார். 10 அடி நீளமும் 5 அடி அகலமும் கொண்ட மேசை. விளிம்பைச் சுற்றி நாலு விரல் உயரத் தடுப்பு. மேலே கோடுகள் போட்ட கறுப்புத் துணி. கோடுகளுக்கு இடையே ஒரு நிரலில் பென்ஸ், அடுத்ததில் ஷில்லிங், அடுத்ததில் பவுண், பிறகு இருபது, நூறு, ஆயிரம். ஒவ்வொரு நிரலிலும் வில்லைகளை அடுக்குவார்கள். ரோமன் எண்களில் கூட்டல் கழித்தல் செய்வது பெரும்பாடு. சுழியம் கிடையாது, இடமதிப்பும் கிடையாது. எண்ணில் இல்லாத இடமதிப்பைத் துணியில் போட்ட கோடுகள் கொடுத்தன. மாவட்ட அதிகாரி ஒரு பக்கம், கருவூலர் மறுபக்கம். ஒருவர் கொடுக்க வேண்டியதும் கொடுத்ததும் வில்லைகளாக எதிரெதிரே கிடக்கும். பார்ப்பவர்களுக்கு இருவர் சதுரங்கம் ஆடுவதுபோல இருந்ததாம். எழுதப் படிக்கத் தெரியாதவரும் கண்ணால் பின்தொடரக்கூடிய கணக்கு அது. கறுப்புத் துணி என்று வாசித்ததும் அப்பாயியின் கறுப்புச் சுவர்தான் எனக்கு நினைவுக்கு வந்தது.

கட்டம் போட்ட துணிக்குச் ‘செக்’ என்று பெயர் வந்ததும் அந்தப் பலகையால்தான்.

15ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அரண்மனைப் பணியாளர்களுக்குப் பெயர்ப்பட்டியல் இருந்தது. அதில் பெயர் ஏறியவருக்குத்தான் ஊதியமும் சாப்பாடும். அதைச் ‘செக்கர் ரோல்’ என்றார்கள். செக்கர் என்றால் கணக்கு மேசை. அது சுருங்கிச் ‘செக் ரோல்’ ஆனது. ஆளைச் சரிபார்க்கும் ஏடு, அதனால் செக்ரோல் என்றுதான் நான் பல காலம் நினைத்திருந்தேன். சொல் பிறந்தபோது அப்படி இல்லை. சரிபார்த்தல் என்ற பொருளே அப்போது இன்னும் பிறக்கவில்லை. பின்னால் வந்த மக்கள் தங்களுக்குத் தெரிந்த பொருளைப் பழைய சொல்லுக்குள் ஊற்றிக்கொண்டார்கள். அரசனிலிருந்து பிரிந்த இரண்டு ஆறுகள், தடுப்பு என்ற ஆறும் பலகை என்ற ஆறும், தோட்டத்து ஆபீசில் கிடந்த ஒரு தடித்த புத்தகத்தில் மறுபடி கலந்திருக்கின்றன.

அந்தச் சொல் தமிழுக்குள் நுழையும்போது இன்னொன்று நடக்கிறது. தமிழ் வினை காலமும் இடமும் காட்டும் விகுதிகளைச் சுமக்கும். வெளியாள் வினை அந்தச் சுமையை எளிதில் தூக்காது. அதனால் நாம் அதைப் பெயராக்கி உட்காரவைத்து, சுமையைப் ‘பண்ணு’ என்ற நம் வினையிடம் கொடுத்துவிடுகிறோம். ‘செக்கினேன்’ என்று யாரும் சொல்வதில்லை. ‘செக் பண்ணினேன்’ என்றே சொல்கிறார்கள். மொழியைக் கெடுக்கிறார்கள் என்று கோபப்படுகிறவர்கள், அதன் இலக்கணம் அங்கே எவ்வளவு உறுதியாகக் காவல் நிற்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். எண்ணெய் ஆட்டும் நம் செக்குக்கும் இதற்கும் உறவு கிடையாது. ஓசை ஒத்திருப்பது தற்செயல். ஒலி ஒற்றுமையை மட்டும் வைத்து உறவு கொண்டாடினால் உலகத்து மொழிகள் எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள் ஆகிவிடும்.

நான் ஐந்தாம் வகுப்புப் படித்த ஆண்டில் ஒரு மாதம், சம்பளத் துண்டில் இருந்த எண்ணைக் கூட்டிப் படிக்கச் சொன்னார் அப்பாயி. 23 பேர் என்று படித்தேன். சுவரில் 24 கோடுகள் இருந்தன. என் கையைப் பிடித்துக்கொண்டு ஆபீசுக்கு நடந்தார்.

“கிளாக்கரையா, மூன்றாம் ஞாயிற்றுக்கு முந்தின வெள்ளிக்கிழமை எனக்குப் பேர் விழவில்லை. நல்ல மழை. 18 கிலோ கொடுத்தேன்.”

கிளாக்கர் ஒன்றும் பேசாமல் செக்ரோலை இழுத்துத் திறந்தார். இடப்பக்கம் மேலிருந்து கீழாகப் பெயர்கள். மேலே 1 முதல் 31 வரை தேதிகள். பக்கம் முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு 1 அல்லது ஒரு ½. விரலை அப்பாயியின் பெயரிலிருந்து குறுக்கே நகர்த்திக்கொண்டே போனார். ஓரிடத்தில் விரல் நின்றது. கட்டம் காலியாக இருந்தது. கொழுந்து நிறுத்த புத்தகத்தை எடுத்து அந்த வெள்ளிக்கிழமையைத் தேடினார். 18 கிலோ என்று இருந்தது. சிவப்பு மைப் பேனாவால் அந்தக் கட்டத்துக்குள் 1 என்று எழுதி, ஓரத்தில் கையெழுத்து வைத்தார்.

அன்று சாயங்காலம்தான் அப்பாயி சுவரைத் துடைத்தார்.