பென்ஷனில் ஊர் திரும்பும்போது அவசர சிகிச்சை: இ.சி.எச்.எஸ். தருவதும் இழுத்தடிப்பதும்

ராணுவ யூனிட்டில் இருக்கும்வரை காய்ச்சலோ கைமுறிவோ, மிலிட்டரி ஆஸ்பத்திரிக்குப் போனால் போதும். பென்ஷன் வாங்கிக்கொண்டு மூட்டை முடிச்சோடு ஊர் வந்து சேரும் அந்தச் சில வாரங்கள்தான் கண்டம். முன்னாள் படைவீரர்களுக்கும் குடும்பத்துக்குமான மருத்துவத் திட்டமாக 2003 ஏப்ரலில் தொடங்கிய இ.சி.எச்.எஸ். இருக்கிறது, சரி, ஆனால் கார்டு கைக்கு வந்திருக்காது, அந்த நேரம் பார்த்துத்தான் வீட்டில் யாராவது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்காருவார்கள்.

உயிர் போகிற அவசரத்துக்கு ரெஃபரல் தேவையில்லை. பாலிகிளினிக் (இ.சி.எச்.எஸ்.ஸின் சொந்த மருத்துவ மையம்) சீட்டு வாங்கி வரச் சொன்னால் அலையாதீர்கள், பக்கத்து ஆஸ்பத்திரியில் நேரே சேருங்கள். அது எம்பேனல் ஆன, அதாவது திட்டத்தோடு ஒப்பந்தம் போட்ட ஆஸ்பத்திரி என்றால் பணம் கட்ட வேண்டியதில்லை, பாலிகிளினிக்குக்குத் தகவல் சொல்வதும் அவர்கள் வேலை. வழியில் நாக்பூரில் ரயிலை விட்டு இறங்க நேர்ந்தாலும் இதே விதிதான். ஆனால் இதயத்துக்கு எம்பேனல் ஆன இடம் எலும்புக்கு ஆகாமல் இருக்கலாம், அதை வாசலிலேயே கேட்டுவிடுங்கள். "உங்க பழைய பாக்கியே வரல, முதல்ல அட்வான்ஸ் கட்டுங்க" என்பார்கள். அந்தப் பாக்கி அரசுக்கும் அவர்களுக்கும் உள்ள வழக்கு, நோயாளி அதற்கு ஜாமீன் போடவில்லை. அட்வான்ஸ் கேட்பதை எழுதித் தரச் சொல்லுங்கள், பாதிப் பேர் அங்கேயே இறங்கி வருவார்கள்.

எம்பேனல் இல்லாத ஆஸ்பத்திரி என்றால் கதையே வேறு. 48 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள பாலிகிளினிக்குக்கு நீங்கள்தான் தெரிவிக்க வேண்டும். "போன்ல சொன்னேன் சார்" என்பது பிறகு எந்த மேசையிலும் எடுபடாது. ஒருவர் நேரில் போய் எழுதிக் கொடுத்து, நகலில் தேதியோடு சீல் வாங்கட்டும். பில்லை நீங்கள் கட்டி, அப்புறம் திரும்பக் கேட்க வேண்டும், அதுவும் அரசு நிர்ணயித்த கட்டணம்தான் வரும், மீதி உங்கள் தலையில். எமர்ஜென்சி சர்டிபிகேட், டிஸ்சார்ஜ் சம்மரி, ஒரிஜினல் பில்கள் இல்லாமல் ஃபைல் நகராது. ஸ்டென்ட் வைத்தால் அதன் டப்பாவில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரையும் கேட்டு வாங்குங்கள்; அந்தச் சின்னச் சீட்டு இல்லை என்றே ஃபைலைத் திருப்பி அனுப்புவார்கள்.

இதையெல்லாம் விடப் பெரிய பள்ளம் பெயர். மனைவி சர்வீஸ் ரெக்கார்டில் 'செல்வி', ஆதாரில் 'தமிழ்ச்செல்வி' என்றால் கார்டு நிற்கும். பாலிகிளினிக், சர்வீஸ் ரெக்கார்டை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீஸைக் கைகாட்டும், ரெக்கார்ட் ஆபீஸ் பழைய யூனிட்டுக்கு எழுதச் சொல்லும், யூனிட் அதற்குள் வேறு எங்கோ மாறிப் போயிருக்கும். கல்யாணமும் குழந்தை பிறப்பும் பார்ட் டூ ஆர்டரில் (சர்வீஸ் ரெக்கார்டில் பதிய யூனிட் போடும் உத்தரவு) ஏறியிருக்கிறதா என்று சர்வீஸில் இருக்கும்போதே பாருங்கள், கிளார்க் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது இது சாதாரண வேலை. யாருக்கெல்லாம் கார்டு என்பதையும் பாருங்கள்: மகனுக்கு 25 வயதுவரை, அதற்குள் வேலையோ கல்யாணமோ ஆனால் அன்றோடு சரி. பெற்றோரின் மாத வருமானம் 9,000 ரூபாயையும் அதற்கான அகவிலைப்படியையும் தாண்டினால் அவர்களுக்குக் கிடையாது.

கார்டுக்கு விண்ணப்பித்ததும் கிடைக்கும் தற்காலிகச் சீட்டையும், பி.பி.ஓ. (பென்ஷன் உத்தரவு), ராணுவ டிஸ்சார்ஜ் புக் நகல்களையும் தோளில் மாட்டும் பையில் வையுங்கள். டிரங்குப் பெட்டியில் போட்டு லாரியில் ஏற்றிவிடாதீர்கள்.