வான் டெய்க்: அணை வேறு, கரை வேறு

நெதர்லாந்து கால்பந்து அணியின் தலைவர் விர்ஜில் வான் டெய்க்கைத் தமிழில் ‘வேன் டிஜ்க்’ என்று சொல்வதைப் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன். எழுத்துக் கூட்டிப் படித்ததில் வந்த பிழை என்று அதை விட்டிருப்பேன். ஆனால் அண்மையில் படித்த ஒரு கட்டுரை அந்தப் பெயருக்கு விளக்கமும் கொடுத்திருந்தது: ‘வேன்’ என்பது பிரபுக்களின் பட்டமாம், ‘டிஜ்க்’ என்றால் அணையாம், ஆக அவருடைய முன்னோர் அணைகளை ஆண்ட பிரபுக்களாம். ஒலி, இலக்கணம், பொருள் மூன்றுமே தவறு. இதே விளக்கம் வேறு இடங்களிலும் அப்படியே உலவுவதைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஒலியை முதலில் முடித்துவிடலாம். ரோமன் எழுத்தில் ‘ஐ’யும் ‘ஜே’யும் அடுத்தடுத்து நின்றால் டச்சு மொழியில் அது ஒரே உயிரொலி. ஏறக்குறைய நம் ‘எய்’. அங்கே ‘ஜ’ ஒலிக்கு இடமே இல்லை. முன்னால் வரும் ‘வான்’ டச்சுக்காரர் வாயில் குறுகி ‘வன்’ அல்லது ‘ஃபன்’ என்று வரும். தமிழில் ‘வான்’ நிலைத்துவிட்டது, அதை மாற்ற வேண்டியதில்லை. ‘வேன்’ மட்டும் வேண்டாம், அது வண்டி. கணினி அறிவியல் படித்தவர்களுக்கு இந்த எழுத்துக் கூட்டு பழகியதுதான். இரண்டு இடங்களுக்கு இடையே மிகக் குறுகிய பாதையைக் கண்டுபிடிக்கும் வழிமுறையை 1956இல் உருவாக்கிய எட்ஸ்கர் டெய்க்ஸ்ட்ராவை நம் பொறியியல் வகுப்புகளில் இன்னமும் ‘டிஜ்க்ஸ்ட்ரா’ என்கிறார்கள். அவர் பெயரில் இருப்பதும் இதே சொல். ‘ஸ்ட்ரா’ என்பது நெதர்லாந்தின் வடக்கே ஃபிரீஸ்லாந்துப் பகுதியில் வழங்கும் விகுதி, அங்கே குடியிருப்பவர் என்று பொருள்.

‘வான்’ பட்டம் அல்ல. ‘இலிருந்து’, ‘இன்’ என்று நாம் சேர்க்கும் உருபுகளின் வேலையை டச்சில் செய்யும் சாதாரண முன்னிடைச்சொல். அரியக்குடி ராமானுஜ ஐயங்கார், செம்மங்குடி சீனிவாச ஐயர் என்று ஊரை முன்னால் வைத்து ஆளை அடையாளம் காட்டுகிறோமே, அது போன்றதுதான். வண்டிக்காரருக்கும் ‘வான்’ உண்டு, வணிகருக்கும் உண்டு. ஜெர்மானியப் பெயர்களில் வரும் ‘ஃபொன்’ பெரும்பாலும் பிரபுக்குலத்தைக் காட்டும், அதோடு இதைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். இந்தக் குழப்பம் வியன்னாவில் வழக்கு மன்றம் வரையே போயிருக்கிறது. இசைமேதை லுட்விக் வான் பீத்தோவன் தன் தம்பி மகனின் பொறுப்புக்காக நடத்திய வழக்கு, பிரபுக்களுக்கான நீதிமன்றத்தில் இருந்தது. அவர் பெயரில் உள்ள ‘வான்’ பிரபுத்துவத்தைக் காட்டாது என்று தெரியவந்ததும், 1818இல் வழக்கு சாதாரணக் குடிமக்களுக்கான மன்றத்துக்கு மாற்றப்பட்டது. இருநூறு ஆண்டுக்கு முன்பே தீர்ந்த விஷயம் இது.

சரி, இப்போது ‘டெய்க்’. பழைய ஜெர்மானிய வேர், தோண்டுவதோடு தொடர்புடையது. ஆங்கிலத்தில் பள்ளத்தைக் குறிக்கும் ‘டிட்ச்’, ஜெர்மன் மொழியில் குளத்தைக் குறிக்கும் ‘டைக்’ இரண்டும் இதற்கு உறவு. பள்ளத்துக்கும் மேட்டுக்கும் ஒரே வேர் எப்படி என்று தோன்றலாம். தோண்டுகிற மண்ணைப் பக்கத்தில் கொட்டினால் ஒரு பக்கம் பள்ளம், மறுபக்கம் மேடு. வேலை ஒன்றுதான். டச்சுக்காரர்கள் மேட்டுக்கு அந்தச் சொல்லை வைத்துக்கொண்டார்கள். கடலோ ஆறோ உள்ளே வராதபடி நிலத்தின் ஓரமாக நீளமாகப் போடப்பட்ட மண்கரை, அதுதான் டெய்க்.

இதைப் போய் ‘அணை’ என்று மொழிபெயர்ப்பது ஏன் தவறு என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

அணை நீரின் குறுக்கே நிற்கிறது. கரை நீரின் ஓரமாகவே கூடப் போகிறது. கல்லணையும் மேட்டூர் அணையும் காவிரியின் குறுக்கே கட்டியவை. தண்ணீரைத் தேக்கவோ திருப்பவோ கட்டியவை. கொள்ளிடக் கரை அப்படியா? ஆறு போகிற திசையிலேயே அதுவும் போகிறது. தண்ணீரைச் சேர்ப்பது அதன் வேலை இல்லை, வயலுக்குள் வராமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை. டெல்டாவில் யாரும் ஆற்றங்கரையை அணை என்று சொல்ல மாட்டார்கள். வெள்ளம் வந்தால் ‘கரை உடைஞ்சு போச்சு’ என்றுதான் சொல்வார்கள். நெதர்லாந்தின் நிலமோ நாலில் ஒரு பங்குக்கு மேல் கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது. அங்கே டெய்க்கின் வேலை முழுக்க முழுக்க இந்தக் கரையின் வேலை.

டச்சுக்காரர்களிடம் அணைக்குத் தனிச் சொல்லும் இருக்கிறது: ‘டாம்’. ஆம்ஸ்டல் ஆற்றின் குறுக்கே அணை போட்ட இடம் ஆம்ஸ்டர்டாம், ரோட்டே ஆற்றில் போட்ட இடம் ரோட்டர்டாம். ‘வான் டாம்’ என்றே தனியாக ஒரு குடும்பப்பெயரும் உண்டு. டெய்க்கை அணை என்று பெயர்க்கிறவர் வான் டாமை என்னவென்று பெயர்ப்பார்? ஒரே ஊரில் வான் டாம் குடும்பமும் வான் டெய்க் குடும்பமும் இருக்கும். இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால் அந்த ஊர்க்காரர்கள் நூற்றாண்டுகளாகக் காப்பாற்றி வந்த வேறுபாடு தமிழில் காணாமல் போய்விடுகிறது.

இந்தக் குளறுபடி எங்கே தொடங்கியது என்பதில் எனக்கு ஓர் ஊகம் உண்டு. கசிகிற ஓட்டையில் விரலை வைத்து ஊரைக் காப்பாற்றிய டச்சுச் சிறுவன் கதையை நாமெல்லாம் சிறு வயதில் கேட்டிருக்கிறோம். 1865இல் வந்த ஓர் அமெரிக்கச் சிறுவர் நாவல் வழியாகப் பரவிய கதை அது. தமிழில் அது எப்போதும் ‘அணையில் ஓட்டை’ என்றே சொல்லப்பட்டது. ஆங்கிலச் சொல்லைப் பார்த்த மொழிபெயர்ப்பாளர், தண்ணீரைத் தடுப்பதெல்லாம் அணைதானே என்று போட்டுவிட்டார், பின்னால் வந்தவர்கள் அதையே எடுத்துக்கொண்டார்கள். 1953ஆம் ஆண்டு ஜனவரி 31 இரவில் வட கடல் பொங்கி நெதர்லாந்தில் 1,836 பேர் இறந்ததைப் பற்றிய தமிழ்க் குறிப்புகளிலும் ‘அணைகள் உடைந்தன’ என்றே படிக்கிறேன். அன்று உடைந்தவை கரைகள். அணை உடைந்தது என்று எழுதினால், எங்கோ மேலே தேங்கியிருந்த நீர் கீழே பாய்ந்ததாகத்தான் தமிழ் வாசகர் மனதில் படம் விழும். நடந்தது நேர்மாறு. கடல் ஏறி வந்தது.

எதிர்த்தரப்பில் கனமான வாதம் ஒன்றுதான் உண்டு. 1932இல் கட்டி முடித்த ‘அஃப்ஸ்லய்ட்டெய்க்’. 32 கிலோமீட்டர் நீளம். கடல்கழி ஒன்றைக் குறுக்கே அடைத்து உள்ளே ஏரியாக்கியது. பெயரில் டெய்க் இருக்கிறது, செய்வதோ அணையின் வேலை. உண்மைதான், பொறியியல் கணக்கில் அது அணை. பெயர் வைத்தவர்கள் கரை என்று வைத்தார்கள், அவ்வளவே. விலக்காக நிற்கும் ஒரு பெயரைக் காட்டி ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கரையை அணையாக்க முடியாது.

‘தடுப்பணை’ என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். ஓடையின் குறுக்கே கட்டுகிற சிறிய அணைக்குத்தான் அந்தப் பெயர், ஆகவே அது இன்னும் மோசம். ‘தடுப்புச் சுவர்’ என்றால் செங்கல்லும் சிமெண்டும் நினைவுக்கு வரும். ‘வரப்பு’ சிறியது. வெறும் ‘கரை’ என்று சொல்லலாம், ஆனால் இயற்கையாக அமைந்த ஓரமும் கரைதான், கடற்கரையும் கரைதான் என்று ஒருவர் மறுத்தால் அது நியாயமான மறுப்பு. இதற்குப் புதிதாக ஒரு சொல்லை உருவாக்கத் தேவையே இல்லை. இலங்கைத் தமிழில் ஏரிக்கரையைக் ‘குளக்கட்டு’ என்பார்கள். மன்னாரில் உள்ள பெரிய குளத்தின் பெயரே கட்டுக்கரைக் குளம். கட்டிய கரை, கட்டுக்கரை. மனிதர் போட்டது என்பதும் ஓரமாகப் போவது என்பதும் அந்த ஒரே சொல்லில் வந்துவிடுகின்றன. டெய்க்குக்கு என் முடிவு இதுதான்: கட்டுக்கரை.

ஆக வான் டெய்க் என்றால் கட்டுக்கரையைச் சேர்ந்தவர். கரையைக் கட்டியவர் என்றோ ஆண்டவர் என்றோ பொருளில்லை. கரையை மேற்பார்க்கும் அதிகாரிக்கு ‘டெய்க்ஹ்ராஃப்’ என்று வேறு பெயர் இருக்கிறது, அதுவும் குடும்பப்பெயராக வழங்குகிறது. தாழ்ந்த நிலத்தில் ஈரம் படாத உயரமான இடம் கரை ஒன்றுதான். அதனால் கரையை ஒட்டியே வீடுகள் வரிசையாக எழுந்தன. அப்படி வாழ்ந்தவர்களை ஊரார் ‘கரைவீட்டுக்காரர்’ என்று சொல்லிச் சொல்லிப் பெயராகிவிட்டது. டெய்க் என்ற பெயருள்ள ஊர்களிலிருந்து வந்தவர்களும் உண்டு. கரைகள் எங்கும் இருந்ததால் இந்தப் பெயரும் ஒரே குடும்பத்திலிருந்து கிளைக்காமல் பல ஊர்களில் தனித்தனியாக முளைத்தது. இரண்டு வான் டெய்க்குகளைப் பார்த்து உறவா என்று கேட்பதில் பொருளில்லை. இன்று நெதர்லாந்தில் 50,000க்கும் மேற்பட்டவர்களுக்கு இது பெயர், அதிகம் வழங்கும் முதல் பத்துப் பெயர்களில் ஒன்று. நெப்போலியன் 1811இல் எல்லோரும் குடும்பப்பெயரைப் பதிய வேண்டும் என்று ஆணையிட்டதால் டச்சுப் பெயர்களெல்லாம் அன்று பிறந்தன என்று பரப்புகிறார்களே, அதுவும் சரியில்லை. வடக்கே பலர் அப்போதுதான் பெயர் எடுத்தார்கள், மேற்கிலும் தெற்கிலும் பல பெயர்கள் அதற்கு முன்பே வழக்கில் இருந்தன.

முன்பே இருந்தது என்பதற்குக் கடல்கடந்து போன வான் டெய்க்குகளே சாட்சி. 1599இல் ஆண்ட்வெர்ப்பில் பிறந்த ஓவியர் ஆண்டனி வான் டெய்க் லண்டனில் அரசவை ஓவியராகி 1641இல் அங்கேயே இறந்தார். அவர் தீட்டிய உருவங்களில் இருக்கும் கூர்ந்த தாடிக்கு ஆங்கிலத்தில் அவர் பெயரே நின்றுவிட்டது. இன்றைய நியூயார்க் 1664இல் ஆங்கிலேயர் கைக்குப் போகும்வரை நியூ ஆம்ஸ்டர்டாம். அங்கே குடியேறியவர்களின் பெயர்கள் ஆங்கில வாயில் ‘வான் டைக்’ ஆயின. 1925இல் பிறந்த நடிகர் டிக் வான் டைக் பெயர் அந்த வடிவம்தான். 1847இல் டச்சுக்காரர்கள் மிச்சிகனிலும் அயோவாவிலும் புதிய குடியேற்றங்களை அமைத்தார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் பெரும் எண்ணிக்கையில் போனார்கள். பெயரும் கூடவே போயிற்று.

தென்னாப்பிரிக்காவில் 1652க்குப் பிறகு வந்த பெயர், ஆஃப்ரிக்கான்ஸ் மொழியின் எழுத்து முறைப்படி இரட்டை எழுத்தை விட்டு ஒற்றை ‘ஒய்’யில் எழுதப்படுகிறது. பாஸ்டன் மாரத்தானின் சக்கர நாற்காலிப் பந்தயத்தை 10 முறை வென்ற எர்ன்ஸ்ட் வான் டெய்க் அந்த நாட்டவர். ஒலி மாறவில்லை, எழுத்து மட்டுமே மாறியது. ஆகவே தமிழில் அவருக்கும் ‘டெய்க்’ போதும்.

தென் அமெரிக்காவில் டச்சுக் காலனியாக இருந்த சுரினாமின் கதை வேறு மாதிரி. 1863 ஜூலை 1இல் அங்கே அடிமைமுறை ஒழிந்தபோது விடுதலை பெற்றவர்களுக்குக் குடும்பப்பெயர் பதிந்தார்கள். காலனியில் ஏற்கெனவே வழங்கிய டச்சுப் பெயர்களை அவர்களுக்குப் பெரும்பாலும் தரவில்லை. திருப்பிப் போட்டும் எழுத்து மாற்றியும் புதுப்பெயர் செய்தார்கள். 1995 உலகத் தடகளப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வென்ற லெட்டிட்டியா விரீஸ்டேயின் பெயர் ‘டெ விரீஸ்’ என்பதை முன்பின்னாக்கியது. விர்ஜில் வான் டெய்க்கின் தாய் சுரினாம் வழியினர் என்பதை வைத்து அவர் பெயரையும் அடிமைமுறையோடு முடிச்சுப் போடுகிறார்கள். அது தவறு. பெயர் டச்சுக்காரரான தந்தை வழி வந்தது.

நமக்குப் பக்கத்திலேயே, ஐரோப்பியர் வழிவந்த இலங்கைப் பறங்கியரிடம் இந்த ‘வான்’ வாழ்கிறது. ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர்கள், 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்து 1790களின் நடுப்பகுதி வரை ஆண்டார்கள். இலங்கைக் கிரிக்கெட் அணியின் தொடக்க ஆட்டக்காரராகப் பல டெஸ்டுகள் ஆடிய மைக்கேல் வாண்டோர்ட்டின் பெயர் ‘டோர்ட்’ என்று சுருக்கமாக வழங்கும் டோர்ட்ரெக்ட் நகரிலிருந்து வந்தது. இந்தப் பெயரைத் தமிழ் ஏடுகள் சேர்த்தே எழுதுகின்றன, அது சரி. அவரும் சேர்த்தே எழுதுகிறார். அக்காலத்துத் தமிழர் டச்சுச் சொற்களை எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்பதை இன்றைய மொழிபெயர்ப்பாளர்கள் பார்க்க வேண்டும். ‘காந்தோர்’ என்று காதில் விழுந்த அலுவலகம் ‘கந்தோர்’ ஆயிற்று, ‘டெய்ட்’ என்ற செப்புக்காசு ‘துட்டு’ ஆயிற்று. காதால் கேட்டு நாக்குக்கு ஏற்றபடி திருத்திக்கொண்டார்கள். இன்று ஒரு பெயரின் ஒலிப்பைக் கேட்க ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்தைச் செலவிடாமல் ஆங்கில எழுத்தை வரிசையாகத் தமிழாக்கிவிட்டு, கூடவே பிரபுக்கதையும் சேர்ப்பது வாசகருக்குச் செய்கிற அவமதிப்பு.

பெயரையே மொழிபெயர்த்துக் ‘கரையார்’ என்று எழுதலாமே என்பார் சிலர். கூடாது. இலங்கையிலும் நம் கடலோரத்திலும் அது ஒரு சமூகத்தின் பெயர். பொருளை விளக்கத்தில் சொல்ல வேண்டும், பெயரை ஒலியில் விட வேண்டும். அந்த ஒலியும் பெயருக்கு உரியவர் சொல்கிறபடி: நெதர்லாந்துக்காரர் டெய்க், அமெரிக்கர் டைக். அப்புறம், நூலின் பெயரகராதி தயாரிப்பவர்களுக்கு ஒன்று. நெதர்லாந்தில் ‘வான்’ என்பதைக் கணக்கில் எடுக்காமல் டெய்க் என்ற இடத்தில் வரிசைப்படுத்துவார்கள், பெல்ஜியத்தில் ‘வான்’ என்பதிலிருந்தே தொடங்குவார்கள். தமிழ் வாசகர் தேடுவது ‘வா’வில்தான். இரண்டு நாட்டவரையும் அங்கேயே வைத்து, ‘டெ’வின் கீழே ‘காண்க: வான் டெய்க்’ என்று ஒரு வரி போட்டுவிடுங்கள்.