கம்பளியை விலக்கிப் பார்க்க வேண்டும்

இலங்கை மலைநாட்டில் ஏதோ ஒரு அரசாங்க ஆஸ்பத்திரியின் பிள்ளைகள் வாட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். முழங்காலில் சிராய்ப்போடு வந்த நாலு வயதுப் பையன், மருந்து கட்டும் தட்டைக் கண்டதுமே ஊரைக் கூட்டுகிறான். பக்கத்துக் கட்டிலில், லயத்துக் குசினியில் கொதிதண்ணீர் கொட்டிக் கால் வெந்துபோன இரண்டு வயதுப் பிள்ளை. அவள் அழவில்லை. சுவரைப் பார்த்தபடி அசையாமல் கிடக்கிறாள். "பாவம், நல்ல பிள்ளை, சத்தமே இல்ல" என்கிறார் பார்க்க வந்த உறவுக்காரர். மிஸி (நர்ஸ்) முதலில் போக வேண்டியதோ அந்தக் கட்டிலுக்குத்தான்.

காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர் இருப்பதுபோல வலிக்கு ஒன்று கிடையாது. பெரியவர்கள் "விண்ணு விண்ணுன்னு தெறிக்குது", "குடையுது", "எரியுது" என்று வகை பிரித்துச் சொல்லிவிடுவார்கள். ஒன்றரை வயதுப் பிள்ளையிடம் இருப்பது "உவ்வா" ஒன்றுதான். (பதுளைக்காரர்கள் கோபிக்க வேண்டாம், ஊவா மாகாணத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) மூன்று மாதக் குழந்தைக்கு அந்தச் சொல்லும் இல்லை.

சொல்லத் தெரியாததால் வலியே இல்லை என்று டாக்டர்களே நம்பிய காலம் இருந்தது. 1980கள் வரைகூட, பச்சைக் குழந்தைகள் பலருக்கு மிகக் குறைந்த மயக்க மருந்தோடு அறுவைச் சிகிச்சை நடந்திருக்கிறது. நரம்பிழைகளைச் சுற்றியுள்ள மயலின் உறை இன்னும் வளரவில்லை, ஆகவே வலி மூளைக்குப் போய்ச் சேராது என்பது அவர்களுடைய வாதம். ஆனால் பெரியவர்களுக்கும் மந்தமாக நீடிக்கும் வலியைக் கொண்டுபோகிற இழைகளில் அந்த உறை இல்லை. உறை இல்லாவிட்டால் செய்தி மெதுவாகப் போகும், அவ்வளவுதான். குழந்தையின் உடம்பில் அது போக வேண்டிய தூரமும் குறைவு. 1987இல் கன்வல்ஜீத் ஆனந்த் என்ற டாக்டரும் அவரோடு ஒக்ஸ்போர்ட்டில் வேலை செய்தவர்களும், அறுவைக்குப் போன குறைமாதக் குழந்தைகளில் ஒரு பகுதியினருக்கு மட்டும் ஃபென்டனில் என்ற வலி மருந்தைச் சேர்த்துக் கொடுத்து, இரு பக்கத்தையும் ஒப்பிட்டார்கள். மருந்து பெற்றவர்களின் இரத்தத்தில், உடம்பு நெருக்கடியில் சுரக்கும் ஹோர்மோன்கள் குறைவாக ஏறின. பிறகு வந்த சிக்கல்களும் குறைவு. அதற்கப்புறம் பழைய வாதம் நிற்கவில்லை.

சரி, வாட்டில் எப்படி அளப்பது? 1997இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் உருவான 'ஃபிளாக்' அளவுகோல் இரண்டு மாதம் முதல் ஏழு வயது வரை பயன்படும். முகம், கால், உடம்பின் அசைவு, அழுகை, தேற்றினால் தேறுகிறதா என்று ஐந்தைப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை புள்ளி போடுவார்கள். மொத்தம் 10. ஏழோ அதற்கு மேலோ வந்தால் கடும் வலி.

இந்தப் பத்தில் அழுகைக்கு இரண்டே இரண்டு புள்ளிதான் என்பதைக் கவனியுங்கள். நம் சுவர்ப்பக்கப் பிள்ளை அதில் பூச்சியம். ஆனால் தாடை இறுகியிருக்கிறது, கால் வயிற்றோடு மடங்கியிருக்கிறது, உடம்பு கட்டைபோல விறைத்திருக்கிறது, அம்மா தடவினாலும் தளரவில்லை. கூட்டிப் பாருங்கள், எட்டு.

இதைப் பார்க்கக் கம்பளியை விலக்க வேண்டும். கால் தெரியாமல் புள்ளி போட்டால் அது வெறும் ஊகம். நுவரெலியாக் குளிரில் பிள்ளையைத் தலைமுதல் கால்வரை சுற்றி வைப்பது நமக்குப் பழக்கம். குளிருக்கும் கால் மடங்கும் என்பதால் அவசரப்பட்டும் எண்ணக்கூடாது. சில நிமிடம் நின்று பார்க்க வேண்டும்.

பையனுக்கும் புள்ளி ஏறும். பயத்தையும் வலியையும் பிரித்துக் காட்ட இந்த அளவுகோலுக்குத் தெரியாது. தட்டை மறைத்து, அம்மாவின் மடியில் வைத்து, மறுபடி பார்த்தால்தான் எது எவ்வளவு என்று புரியும்.

நாலு வயதுக்கு மேலே பிள்ளையையே கேட்கலாம். நர்ஸ் "ரிதெனவாத?" (வலிக்குதா?) என்று சிங்களத்தில் கேட்டு, பிள்ளை அம்மாவின் முகத்தைப் பார்த்து விழிப்பது இங்கே சகஜம். வரிசையாக ஆறு முகம் வரைந்த அட்டைக்கு விளக்கம் கொஞ்சம் போதும். அதிலும் ஒரு சிக்கல்: வொங்-பேக்கர் என்ற முக அட்டையின் முதல் முகம் சிரிக்கும், கடைசி முகம் கண்ணீர் விடும். வலி குறைந்திருந்தாலும் வீட்டை நினைத்து ஏங்கும் பிள்ளை அழுகிற முகத்தில் விரலை வைத்துவிடும். 2001இல் திருத்தி வெளியிட்ட வேறொரு முக அட்டையில் சிரிப்பும் இல்லை, கண்ணீரும் இல்லை. புருவமும் கண்ணும் வாயும் மட்டும் படிப்படியாகச் சுருங்கும். என்னைக் கேட்டால் அதுதான் மேல்.

கால் வெந்த பிள்ளைக்கு மருந்து கொடுத்தாயிற்று. அது வேலை செய்யும் நேரம் விட்டு மிஸி திரும்பி வந்து கம்பளியை விலக்குகிறார். கால் நீண்டிருக்கிறது, தாடை தளர்ந்திருக்கிறது, பிள்ளை பிஸ்கட் கேட்டுச் சிணுங்குகிறாள். அம்மா தூக்கியதும் அடங்குகிறாள். "இவ்வளவு நேரம் பேசாமதானே இருந்தா, இப்ப பாருங்க அழ ஆரம்பிச்சிட்டா" என்று உறவுக்காரர் கவலைப்படுகிறார். அட்டையில் மிஸி எழுதுவது: இரண்டு.