எந்தப் பாலாறு?

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், பெங்களூர் மர்பி டவுனில் இருக்கும் என் நண்பருக்கு அவர் தம்பியிடமிருந்து போன் வந்தது. "அண்ணா, பாலாத்துக்கிட்ட வண்டி சறுக்கிடுச்சு, கால ஊன முடியல." அவ்வளவுதான், சிக்னல் போய்விட்டது. நண்பர் பதறிப்போய் செல்போனில் பாலாறு என்று தேடினார். பேத்தமங்கலா ஏரி வந்தது. கோலார் தங்கவயல் பக்கம்தானே என்று காரை எடுத்துக்கொண்டு கிழக்கே கிளம்பி, ஹொசகோட்டே தாண்டிப் போன பிறகுதான் அவருக்குச் சந்தேகம் வந்து என்னைக் கூப்பிட்டார். தம்பி கிடந்ததோ நேர் தெற்கே, மாதேஸ்வரன் மலைக்கும் மேட்டூருக்கும் நடுவில், யானை நடமாடும் காட்டுச் சாலையில். நல்லவேளையாக ஒரு காய்கறி வேன்காரர் ஏற்றிக்கொண்டுபோய் மேட்டூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்.

பெங்களூரில் வரைபடம் தயாரிப்பதுதான் என் தொழில். செயற்கைக்கோள் படத்தின் மேல் ஆறு, ஓடை, காட்டுப் பாதை எல்லாவற்றையும் கோடாக இழுத்து, பெயர் எழுத வேண்டும். பதினாறு வருஷமாகச் செய்கிறேன். கோடு இழுப்பதில் பெரிய தப்பு வராது. பெயர் எழுதுவதில்தான் வரும்.

பாலாற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். நமக்குத் தெரிந்த பாலாறு நந்தி மலைப் பகுதியில் பிறந்து, பேத்தமங்கலா வழியாக ஆந்திராவைத் தொட்டு, வேலூர், காஞ்சிபுரம் கடந்து வயலூர் பக்கம் கடலில் சேர்வது. 348 கிலோமீட்டர். இன்னொரு பாலாறு, பர்கூர் மலைக்கும் மாதேஸ்வரன் மலைக்கும் இடையே காட்டுக்குள்ளேயே ஓடி, மேட்டூர் அணைக்கு மேலே காவிரியில் கலப்பது. பழனி அருகே அணை கட்டியிருக்கும் பாலாறு மூன்றாவது. சின்னாறும் அப்படித்தான். ஒகேனக்கல்லில் காவிரியோடு சேர்வது ஒன்று, மறையூர்ப் பக்கம் சரணாலயத்துக்கே பெயர் கொடுத்தது இன்னொன்று. அந்தந்த ஊர்க்காரருக்கு இதில் குழப்பமே இல்லை. அவருக்கு ஒரே பாலாறுதான். செல்போனை நம்பி வெளியூரிலிருந்து போகிற நமக்குத்தான் ஆபத்து.

ஒரே ஆற்றுக்கு இரண்டு பெயர் இருப்பதும் உண்டு. நம் நகரத்தின் கிழக்கு ஓரமாகப் போகும் தட்சிண பினாகினிதான் ஓசூரைத் தொடும்போது தென்பெண்ணை. கனகபுராவுக்குத் தெற்கே, அர்க்காவதி காவிரியில் சேரும் சங்கமத்திலிருந்து நாலைந்து கிலோமீட்டர் கீழே, காவிரி ஒடுங்கும் இடத்துக்குக் கன்னடத்தில் மேகேதாட்டு என்று பெயர். மேகே என்றால் ஆடு, தாட்டு என்றால் தாண்டுதல். தமிழில் அதையே ஆடு தாண்டும் காவிரி என்று சொல்கிறோம். ஹொகே என்றால் புகை, அதனால் ஒகேனக்கல் புகையும் கல். அருவிச் சாரலைத் தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்குச் சட்டென்று புரியும்.

அஞ்செட்டிக் காட்டில் ஓடும் தொட்டல்லா ஆறு எனக்கு மிகவும் பிடித்த பெயர். தொட்ட ஹள்ள என்றால் கன்னடத்தில் பெரிய ஓடை. தமிழ் நாவில் அது தொட்டல்லாவாகி, பின்னால் ஒரு ஆறும் ஒட்டிக்கொண்டது. இரண்டு மொழிக்காரர்களும் அந்தக் கரையில் சேர்ந்து வாழ்ந்ததற்கு அந்தப் பெயரே சாட்சி. ஆனால் எங்கள் அலுவலகத்தில் ஒரு புதுப் பையன், கன்னடம் தெரியாதவன், ஆங்கில எழுத்தில் இருந்த ஹள்ளவை ஹள்ளி என்று திருத்திவிட்டான். ஹள்ளி என்றால் கிராமம். காட்டு நடுவே ஓடிக்கொண்டிருந்த ஓடை, வரைபடத்தில் ஆள் இருக்கும் ஊராக மாறிவிட்டது. நல்லவேளை, அச்சுக்குப் போகும் முன் பிடித்தோம். தண்ணீர் கேட்கலாம், உதவி கேட்கலாம் என்று நம்பி யாராவது இருட்டில் அங்கே நடந்திருந்தால்?

பெயருக்குள்ளேயே எச்சரிக்கை இருக்கிற இடங்களும் உண்டு. மடு என்ற சொல் தமிழிலும் கன்னடத்திலும் ஒன்றுதான். ஆற்றில் ஆழமாகக் குழிந்த இடம். ஒகேனக்கல்லுக்கு மேலே ஒரு பரிசல்காரரிடம் பெயர்களைக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தபோது, அமைதியாக, கண்ணாடி மாதிரி இருந்த ஒரு இடத்தைக் காட்டினார். "அது மடு சார். மேல சும்மாதான் தெரியும். கோல் எட்டாது."

மேகேதாட்டில் பாறைமேல் நின்று பார்த்தால் இது இன்னும் நன்றாகப் புரியும். அகலமாக வந்த காவிரி மொத்தமும் ஒரு சந்துக்குள் நுழைகிறது. கரைப் பாறைகளில் ஆள் இறங்கி நிற்கும் அளவுக்கு வழவழவென்று உருண்டைக் குழிகள். ஒன்றில் கையை விட்டுப் பார்த்தேன். அடியில் நான்கைந்து கூழாங்கற்கள் கிடந்தன. வெள்ளம் சுழலும்போது அந்தக் கற்கள்தான் உரலில் அரைபடுவதுபோல் சுற்றிச் சுற்றிப் பாறையைக் குடைந்திருக்கின்றன. வெளியே தெரிகிற இதே குழிகள் தண்ணீருக்கடியிலும் இருக்கின்றன. கால் அதில் இறங்கினால் நீச்சல் தெரிந்தும் பயனில்லை. அங்கே செல்ஃபிக்காக ஈரப்பாறையில் இறங்கும் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்குகிறது. மேலே மழையே இல்லாவிட்டாலும் கிருஷ்ணராஜசாகரிலோ கபினியிலோ திறந்துவிட்டால் இங்கே நீர் ஏறும் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

சரி, காட்டாற்றுப் பக்கம் போகிறீர்கள் என்றால் வீட்டில் என்ன சொல்லிவிட்டுப் போவது? வெறும் ஆற்றின் பெயர் போதாது. அது எந்த ஆற்றில் சேர்கிறது, பக்கத்து ஊர் எது, எந்தக் கரை என்று சேர்த்துச் சொல்லுங்கள். கரை என்றால் தண்ணீர் போகும் திசையைப் பார்த்து நின்று உங்கள் இடது கைப்பக்கம் இடக்கரை. மேகேதாட்டுக்குக் கீழே எல்லையாக ஓடும் இடத்தில் காவிரியின் இடக்கரை தமிழ்நாடு, வலக்கரை கர்நாடகம். டி.வி. செய்தியில் அடிக்கடி கேட்கும் பிலிகுண்டுலு இந்தத் துண்டில்தான் இருக்கிறது. நடுவே பாலமில்லாமல் காடுதான். கரையை மாற்றிச் சொன்னால் உதவிக்கு வருபவர் எதிர்க்கரையில் நின்று உங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். 108க்கு அடித்தாலும் முதலில் மாநிலத்தைச் சொல்லிவிடுங்கள்.

நண்பரின் தம்பி இப்போது நன்றாக நடக்கிறார். போன மாதம் மறுபடியும் அதே மலைக்குக் கிளம்பினார். கிளம்பும் முன் குடும்ப வாட்ஸ்அப்பில் அவர் போட்ட செய்தியை நண்பர் எனக்குக் காட்டினார்: "பாலாறு, காவிரியில சேருறது, மாதேஸ்வரன் மலை பக்கம். கோலார் பாலாறு இல்ல."